அப்பாவின் விமானமும் 16 ஜிபி ராமும்

அப்பாவுக்கு 71 வயது. திருச்சி வீட்டில் மாலை காபி முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்ட வைக்கும் விளையாட்டு, 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்தான் அவர் உலகம். செஸ்னா 172-ஐ திருச்சியில் கிளப்பி மீனம்பாக்கத்தில் இறக்குவது அவருக்கு ரொம்பப் பிடித்த பயணம். வான்வழியில் 290 கிலோமீட்டர் சொச்சம். அந்தக் குட்டி விமானத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம் பிடிக்கும். வேகத்தைக் கூட்டி ஓட்ட மாட்டார், முழு நேரமும் உட்கார்ந்து ஓட்டுவார்.

போன வருடம் ஒரு தொல்லை ஆரம்பித்தது. மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில் 25-ஆம் ஓடுபாதையில் இறங்க வேண்டும். கடல் பக்கம் போய்த் திரும்பி, கிண்டி தாண்டி, பரங்கிமலை அருகே தாழ்ந்து வரும்போது படம் அப்படியே உறைந்து நிற்கும். இரண்டு விநாடி, சில நாள் மூன்று. மறுபடி உயிர் வரும்போது மூக்கு தூக்கி, விமானம் ஓடுபாதையை விட்டு விலகியிருக்கும். "அவ்வளவு தூரம் ஒழுங்கா வந்துட்டு வாசல்ல வந்து விழுறேன்டா" என்று போனில் சொன்னார். அவர் குரல் அன்றைக்கு நன்றாகவே இல்லை.

பக்கத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "பத்து வருஷ போர்டு சார், இதுல இனிமே காசு போடாதீங்க, புதுசா அசெம்பிள் பண்ணிடலாம்" என்று சொல்லி 68,000 ரூபாய்க்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான். ஒரு ஓய்வூதியக்காரரிடம் இவ்வளவு பெரிய தொகையைச் சொல்வதற்கு முன்னால், எது மூச்சு வாங்குகிறது என்று ஐந்து நிமிடம் பார்த்திருக்க வேண்டாமா?

அந்த வாரமே ஊருக்குப் போனேன். பெட்டிக்குள் இருந்தவை: ஐ5-4460 பிராசஸர், எச்81 போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டு), 4 ஜிபி 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், ஓடுகிற புரோகிராம் தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரியான ராம் 8 ஜிபி. இந்த சிமுலேட்டருக்குக் குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோசாஃப்ட் போட்டிருந்த இன்டெல் பிராசஸரே ஐ5-4460தான். ராமும் அப்படித்தான்: குறைந்தபட்சம் 8, பரிந்துரை 16. அதாவது அப்பாவின் பெட்டி வாசற்படியில் நிற்கிறது, தகுதி இல்லாமல் போய்விடவில்லை.

அவரைப் பறக்கச் சொல்லிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தேன். விழுப்புரம் வரை எல்லாம் சரி. சென்னையின் கட்டடங்கள் ஏற ஆரம்பித்ததும் மெமரி 7.7 ஜிபியில் போய் ஒட்டிக்கொண்டது. ஓடுகிற புரோகிராம்கள் மொத்தமாகக் கேட்கும் மெமரியைக் காட்டும் கமிட்டட் என்ற இடத்தில் 14 ஜிபிக்கு மேல். டிஸ்க் 100 சதவீதம், கேபினெட் முன்னால் உள்ள சிவப்பு விளக்கு அணையவே இல்லை. பிராசஸரோ 70-ஐத் தாண்டவில்லை.

ராமில் இடம் இல்லாதபோது விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்கில் பேஜ் ஃபைலாக எழுதி வைக்கும், வேண்டும்போது திரும்ப எடுக்கும். ராமில் இருந்து ஒன்றை எடுக்க 100 நானோ விநாடி என்றால், சுழலும் டிஸ்கில் இருந்து எடுக்க 10 மில்லி விநாடி ஆகும். ஒரு லட்சம் மடங்கு. ஊருக்கு மேலே வரும்போது இப்படி ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டியிருந்தால் படம் நிற்காமல் என்ன செய்யும்? வயல்வெளிக்கு மேலே பிரச்சினை தெரியாது. நகரத்துக்குள் நுழையும்போது, அதுவும் இறங்குகிற நேரத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

சரி, ராம் வாங்கலாம் என்றால் அதிலும் கவனம் வேண்டும். இந்த எச்81 போர்டில் இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. இரண்டிலும் 4 ஜிபி ஸ்டிக் ஏற்கெனவே இருந்தது. ஆகவே சேர்ப்பது என்ற பேச்சே இல்லை, இரண்டையும் கழற்றிவிட்டு இரண்டு 8 போட வேண்டும். டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ராம்தான் போக வேண்டும், அடுத்த தலைமுறையான டிடிஆர்4-இன் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், நுழையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வரில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ஸ்டிக்கை வாங்கினால் வீட்டு போர்டில் ஓடாது. இன்னொன்றும் உண்டு. பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் ஏஎம்டி போர்டில் மட்டுமே வேலை செய்யும் 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகள். நான் முதலில் வாங்கியது அதில் ஒன்று. இன்டெல் போர்டு என்று சொல்லித்தான் கேட்டேன், கொடுத்தவர் தலையாட்டினார். மாட்டினால் திரையே வரவில்லை, அப்பா முகம் வாடிப்போய்விட்டது. மாற்றிக் கொடுக்க வைக்க இரண்டு நாள் அலைந்தேன். ஆகவே பழைய ராம் வாங்குபவர்கள், போட்டுப் பார்த்து ஓடினால்தான் காசு என்று சொல்லி வாங்குங்கள்.

கடைசியில் ஒரே கம்பெனியின் 1600 வேகம் கொண்ட இரண்டு 8 ஜிபி ஸ்டிக், பழையதுதான், 1,800 ரூபாய். மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் போக்கினேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, ஸ்லாட் ஓரத்துப் பிடிகளை விரித்துப் பழையதை எடுத்தேன். பத்து வருடத் தூசி. புது ஸ்டிக்கின் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தேன். நேராக வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்த வேண்டும், பிடி தானாக மேலே வந்து க்ளிக் என்று உட்காரும் வரை. போர்டு வளைகிறதே என்று பயந்து பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பறந்தார். மீனம்பாக்கத்துக்கு மேலே மெமரி 11.6 ஜிபி. டிஸ்க் விளக்கு மின்னி மின்னி அடங்கியது. ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது திரையில் விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது, முன்பு 28, இப்போது 30, அதில் பெரிய மாற்றம் இல்லை. ராம் போட்டால் ஃப்ரேம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த உறைதல் போய்விட்டது. சக்கரம் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் தொட்டது, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் இதே மருந்து என்று சொல்லவில்லை. நண்பர் ஒருவர் இதே சிமுலேட்டரின் பழைய பதிப்பான, 2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸ்-ஐ இன்னும் ஓட்டுகிறார். அவரும் 16 வாங்கப் போனார், வேண்டாம் என்று தடுத்தேன். அது 32 பிட் புரோகிராம், எவ்வளவு ராம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதனால் தொடவே முடியாது. கிராபிக்ஸ் கார்டின் மெமரி போதாத தடுமாற்றத்துக்கும் இது உதவாது, அங்கே டெக்ஸ்சரை, அதாவது கட்டடம், தரை மேல் ஒட்டும் படங்களின் தரத்தை, செட்டிங்கில் குறைக்க வேண்டும். 2024-இல் வந்த அடுத்த பதிப்புக்குக் குறைந்தபட்சமே 16, பரிந்துரை 32. அது வேண்டுமென்றால் இந்த போர்டு போதாது, அப்போது புதுப் பெட்டி என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் 2025 கடைசியில் இருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை ஏறியிருக்கிறது. ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு இது நேரமே இல்லை.

கழற்றிய 4 ஜிபி ஸ்டிக்குகளில் ஒன்றை மாடியில் குடியிருப்பவர்களின் மகளுக்குக் கொடுத்தோம். அந்தப் பெண்ணின் பெட்டியும் டிடிஆர்3, ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன், அப்பாவே போய் மாட்டியிருக்கிறார். க்ளிக் சத்தம் கேட்டதா என்று போனில் கேட்டேன். "ரெண்டு பக்கமும் கேட்டுச்சுடா" என்றார்.