பஸ்ஸை ஸ்டேஷனுக்கு விடுங்க

காலேஜில் சேரும் பெண்ணுக்கு நம் வீடுகளில் நோட்டுப் புத்தகத்துக்கு முன்னால் கொடுப்பது ஊக்கு. என் அம்மா எனக்குக் கொடுத்தார், நான் என் மகளுக்குக் கொடுத்தேன். பை வாரில் மாட்டிக்கோ, எவனாவது இடிச்சா ஒரே குத்து. இரண்டு தலைமுறையாக நாம் செய்து வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இதுதான்.

எங்கள் சேலத்தில் காலை நேரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டில் இருந்து கோரிமேடு பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். அரசு மகளிர் கலைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். பின்பக்கம் இடம் இருந்தாலும் டிபன் பையோடு ஒருவர் முன்படியில்தான் ஏறுவார். பிரேக் போட்டாலும் சாய்வார், போடாவிட்டாலும் சாய்வார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை நோட்டை நெஞ்சோடு அணைத்து முழங்கையை வெளியே நீட்டிக்கொள்ளும். இளவட்டப் பசங்களைத்தான் எல்லாரும் திட்டுகிறோம். விசில் அடிப்பது அவன்கள்தான், சரி. நான் பார்த்தவரை உரசுவதெல்லாம் பேரன் எடுக்கிற வயசுக்காரர்கள்.

கண்டக்டரிடம் சொன்னால் என்ன நடக்கும்? "நீ இப்படி முன்னால வந்து நில்லும்மா." இடித்தவர் நின்ற இடத்திலேயே நிற்பார், அந்தப் பிள்ளைதான் நகர வேண்டும்.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்தவர்களின் சீண்டலால் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதில் இருக்கிறது. செய்யாவிட்டால் அவர்கள் மேலேயே நடவடிக்கை. தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் வம்பு செய்த போலீஸ்காரரின் வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றமும் இதையே உத்தரவாகப் போட்டது. வண்டியை ஸ்டேஷனுக்கு விடாவிட்டால் பெர்மிட்டை ரத்து செய்யலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. 2025-இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கூட்டினார்கள். கூட்டட்டும். வண்டியே ஸ்டேஷன் பக்கம் திரும்பாதபோது தண்டனை ஒரு வருஷமாக இருந்தால் என்ன, அஞ்சு வருஷமாக இருந்தால் என்ன?

கண்டக்டரை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. தனியார் பஸ் என்றால் டைமிங்தான் உயிர். அஸ்தம்பட்டி ஸ்டேஷன் வாசலில் பத்து நிமிஷம் நின்றால் பின்னால் வருகிற வண்டி கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விடும், அன்றைய கலெக்‌ஷன் போச்சு. ராத்திரி முதலாளிக்குப் பதில் சொல்வது இவர்தான். அதைவிட மோசம் உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம். வண்டியைத் திருப்பலாம் என்றால், "ஏம்மா, ஆபீஸுக்கு லேட் ஆகுது, விடும்மா" என்று முதல் குரல் யாரிடமிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணிடமிருந்து. இடிக்கிற ஆளுக்கு அந்த ஒரு குரல் போதும், அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விடுவார்.

2021-இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்றானதும், வீட்டோடு இருந்த எத்தனையோ பேர் வேலைக்கும் படிப்புக்கும் கிளம்பினார்கள். "ஓசி டிக்கெட்டுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்ற பேச்சும் கூடவே ஏறிக்கொண்டது. டிக்கெட் இல்லை என்றால் இடிக்கலாம் என்று அர்த்தமா?

ஸ்டேஷனுக்குப் போனதால் டிரிப் தவறிய தனியார் வண்டிக்கு அதே நாளில் ஒரு டிரிப் கூடுதலாகக் கொடுங்கள். அரசு பஸ்ஸில் திருக்குறளுக்குப் பக்கத்தில் "புகார் சொன்னால் இந்த வண்டி போலீஸ் ஸ்டேஷன் போகும்" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். கல்லூரி ரூட்டில் மாசத்துக்கு ஒரு வண்டி திரும்பினால்கூடப் போதும். டிபன் பைக்காரர் தானாகப் பின்படியில் ஏறுவார்.