ரெண்டும் போட்டாச்சு

(2021 ஜூலை. சென்னையில் ஒரு மளிகைக்கடை.)

அண்ணாச்சி: மாஸ்க்கை ஏற்றுங்கள் அண்ணே.

வந்தவர்: (மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு) என்ன சொன்னீர்கள்?

அண்ணாச்சி: ஏற்றச் சொன்னேன்.

வந்தவர்: ஏற்றினால் நீங்கள் பேசுவது கேட்கவில்லை.

அண்ணாச்சி: அது வாய்க்குப் போடுவது, காதுக்கு இல்லை. சரி, போட்டாச்சா?

வந்தவர்: ஓ! ரெண்டும் போட்டாச்சு.

அண்ணாச்சி: பரவாயில்லையே. எப்போது?

வந்தவர்: ஒன்று காலையில், காபி குடித்ததும். இன்னொன்று இப்போதுதான், வருகிற வழியில்.

அண்ணாச்சி: ஒரே நாளில் ரெண்டா! கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி என்றார்களே?

வந்தவர்: 84 நாளா? நாலு மணி நேரம் தாங்காது எனக்கு. கும்பகோணம் வெற்றிலை, கொட்டைப்பாக்கு...

அண்ணாச்சி: நான் தடுப்பூசியைக் கேட்டேன்.

வந்தவர்: (இறக்கிவிட்டு) ஊசி எதற்கு? வெற்றிலைச் சாறு தொண்டையில் இறங்கினால் கிருமி அங்கேயே காலி. அப்புறம் கபசுரக் குடிநீர் வேறு. 15 மூலிகை அண்ணாச்சி! ஊசி போட்டால் ரெண்டு நாள் காய்ச்சல் வருகிறதாமே.

அண்ணாச்சி: சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோகிறது. அதற்காக வெற்றிலையை விட்டீர்களா?

வந்தவர்: (இறக்கிவிட்டு) இது வயல்வேலை பார்த்த உடம்பு. ஒன்றும் அண்டாது.

அண்ணாச்சி: போன மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றில் கிடந்த என் பக்கத்து வீட்டுக்காரரும் கபசுரம் குடித்தவர்தான். பொட்டலம் கொடுத்ததே நான்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை.)

வந்தவர்: (இறக்கிவிட்டு) துவரம் பருப்பு அரைக் கிலோ.

அண்ணாச்சி: பருப்புக்குமா இறக்க வேண்டும்?

வந்தவர்: (இறக்கிவிட்டு) இதோ ஏற்றிவிட்டேன்.

அண்ணாச்சி: அண்ணே, அதோ அபராதம் போடுகிறவர்கள் வருகிறார்கள்.

(மாஸ்க் மூக்கைத் தாண்டிக் கண் வரைக்கும் ஏறுகிறது. வாய் நிறைய வெற்றிலைச் சாறு.)

வந்தவர்: ம்ம்... ம்ம்ம்!

அண்ணாச்சி: இறக்கினால் 200, துப்பினால் 500. இறக்கித் துப்பினால் 700.

வந்தவர்: ம்ம்ம்!

அண்ணாச்சி: விழுங்கிவிடுங்கள் அண்ணே. கிருமி அங்கேயே காலி.