1942இல் கலை நின்றுபோகவில்லை
"1942இல் போர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, கலை என்று மிஞ்சியது அரசுப் பிரச்சாரம் மட்டுமே" என்று இரண்டாம் உலகப் போர் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வருடம் நடந்திருக்க வேண்டிய கால்பந்து உலகக் கோப்பை நடக்கவில்லை, உண்மைதான். ஆனால் லண்டனைப் பாருங்கள். தேசிய ஓவியக்கூடத்தின் படங்களெல்லாம் குண்டுவீச்சுக்குப் பயந்து வேல்ஸில் ஒரு பலகைக்கல் சுரங்கத்துக்குள் போயிருந்தன. ஒரு நல்ல படத்தையாவது பார்க்க விடுங்கள் என்று மக்களே கேட்கப்போய், 1942இல் மாதம் ஒரு ஓவியம் சுரங்கத்திலிருந்து லண்டனுக்கு வர ஆரம்பித்தது. இது எந்தப் பிரச்சாரத் துறையின் யோசனையும் அல்ல. வெறுமையாகக் கிடந்த அதே கட்டடத்தில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939லேயே தொடங்கிய மதிய நேரக் கச்சேரிகளும் தொடர்ந்தன. கட்டணம் ஒரு ஷில்லிங். அங்கே பாக், பீத்தோவன் என ஜெர்மானியர்களின் இசையைத் தாராளமாக வாசித்தார்கள். எதிரி நாட்டு இசையை வாசிப்பது என்ன வகைப் பிரச்சாரமோ! ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்த சோவியத் நகரமான லெனின்கிராடையும் பார்க்கலாம். அது வேறு கதை. ஆகஸ்ட் 9 அன்று சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி அங்கே அரங்கேறியபோது அரசின் கை அதில் நிச்சயம் இருந்தது. கச்சேரிக்கு இடையூறு வராமலிருக்க ஜெர்மன் பீரங்கி நிலைகளைச் சோவியத் படை முன்கூட்டியே தாக்கியது, ஒலிபெருக்கியில் எதிரிக்கும் கேட்கவைத்தது. அப்புறம், வாசித்தவர்கள் பட்டினியால் துவண்டு ஒத்திகைக்கே வர முடியாமலிருந்தவர்கள். அதையும் வெறும் பிரச்சாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.