என் தோள் மேல் ஏறி நின்றுதான் தூண்டில் போட வேண்டுமா?

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு முகத்துவாரத்தில் நடந்ததை நாலு நாளாக மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போனாலும் அதே நினைப்பு, சோற்றில் கை வைத்தாலும் அதே நினைப்பு. கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அன்றைக்குக் காலை 3 மணிக்கு எழுந்து, வண்டியை எடுத்து, பொன்னேரியில் ஒரு டீ குடித்துவிட்டு, பழவேற்காடு பாலம் தாண்டி, மணலில் நடந்து முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்வேன். 11 வருடப் பழக்கம். வீட்டில் ஏச்சு வாங்காத வாரம் கிடையாது. இருந்தாலும் போவேன். அந்த இருட்டில், தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி நிற்கும் ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது.

தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் நடுவில் கிடக்கும் இந்தப் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி. பெரிது என்று பேர்தானே தவிர, பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூடக் கிடையாது. எங்கள் தெற்குப் பக்கத்தில் மீன் கடலிலிருந்து ஏரிக்கும் ஏரியிலிருந்து கடலுக்கும் போய்வர வாசல் என்றால் இந்த முகத்துவாரம்தான். சில வருடங்களில் மணல் அதையும் மூடிவிடும். அப்போது மீனவர்கள் பிழைப்பே நின்றுபோய்விடும். வாசல் திறந்திருக்கிற நாட்களில், ஏற்றத்தில் கடல் தண்ணீர் உள்ளே பாயும்போது மடவைக் கூட்டம் உள்ளே வரும், அதன் பின்னாலேயே கொடுவா வரும். நீரோட்டம் திரும்பி மணல் திட்டை உரசிக்கொண்டு ஆழமாகப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. மொத்தம் 50 அடி நீளம்தான். அதில் மூன்று பேர் நிம்மதியாக நிற்கலாம். நாலாவது ஆள் வந்தால் கொஞ்சம் நெருக்கம்.

அன்று நான் போனபோது உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் ஏற்கெனவே கைத்தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "பெரியவரே, இந்தப் பக்கம் நிக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் கையை நீட்டித் தன் கயிறு போகும் திசையைக் காட்டினார். "என் கயிறு இப்படிப் போவுதுப்பா. நீ அந்தாண்ட போடு."

அவ்வளவுதான் விஷயம். முதலில் வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது. அவர் கயிறு எங்கே கிடக்கிறது என்று பார்ப்பது. நம்முடையதை அதன் குறுக்கே போடாமல் இருப்பது. இதற்குப் படிப்பு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், பத்தாயிரம் ரூபாய் ரீல் வேண்டாம்.

மணி ஆறு ஆகவில்லை. ஒன்பது பேர் ஒரு கும்பலாக வந்தார்கள். தலையில் கட்டிய லைட்டை நேராகத் தண்ணீரில் அடித்துக்கொண்டே வந்தார்கள். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் மேய்ந்துகொண்டிருந்த மடவைகள் சட்டென்று கலைந்து ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். ஒருவர் ஸ்பீக்கரை மணலில் வைத்துப் பாட்டைப் போட்டார். பெரியவரிடமும் சரி, என்னிடமும் சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இடது பக்கம் மூன்றடியில் ஒருவர், வலது பக்கம் நாலடியில் ஒருவர், எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்று பேர். பின்னாலிருந்து ஒரு பையன் ராடைச் சுழற்றுகிறான், லூர், அதாவது மீன் மாதிரி செய்த போலி இரை, என் காதோரம் விர்ரென்று போகிறது. அதில் தொங்குவது மூன்று முள் கொத்து. கண்ணில் மாட்டியிருந்தால்? திரும்பிப் பார்த்தேன். "ஒண்ணும் ஆகாது ப்ரோ" என்றான்.

சரி, சின்னப் பையன் என்று பொறுத்துக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் தம்பி என்று இரண்டு முறை சொன்னேன். அப்போதுதான் அடித்தது.

கொடுவா அடிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். 'டொப்' என்று ஒரு வெட்டு, ராடு வளைந்து கையிலிருந்து பிடுங்கும், ரீல் கத்தும். நாற்பதடி தள்ளித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு முறை எழும்பித் தலையை உதறியது. வெள்ளி மாதிரி பளபளத்த அந்த உடம்பைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. இரண்டு வருடமாக இந்த அளவில் எனக்கு ஒன்று மாட்டவில்லை. பெரியவர் பார்த்த உடனே தன் கயிற்றை மடமடவென்று இழுத்துச் சுற்றி வைத்துவிட்டார். ஒருவருக்கு மீன் மாட்டினால் பக்கத்தில் இருப்பவர் தன் கயிற்றை எடுத்துவிட வேண்டும். மாட்டிய மீன் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது அல்லவா?

நான் கத்தினேன். "லைனை எடுங்க! லைனை எடுங்க!" ஒரு ஆள்கூட எடுக்கவில்லை. இரண்டு பேர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்கள். மீன் வலது பக்கம் ஓடியது. அங்கே குறுக்கும் நெடுக்குமாக ஐந்து லைன். என் லைன் அவற்றில் போய்ச் சிக்கி இறுகியது. ஒருவர் தன் லைன் போய்விடக் கூடாது என்று எதிர்ப்பக்கம் இழுத்தார். விடுவிக்கப் பார்த்ததில் பிரெய்டு என்கிற பின்னல் லைன் என் ஆள்காட்டி விரலை எலும்பு வரை அறுத்தது மாதிரி எரிந்தது. அதோடு சரி, கை லேசாகிவிட்டது. அறுந்து போயிற்று.

மீன் போனதற்காக மட்டும் நான் அழவில்லை. மீன் பிடிக்கப் போகிறவனுக்கு மீன் போவதும் பழக்கம்தான். வாயில் என் லூரின் ஆறு முள்ளோடு அது போயிற்றே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அது இனி எப்படித் தின்னும்? கொடுவாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாருங்கள். அது பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். அப்படியென்றால் பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை முட்டையிடும் தாய்கள். முட்டையிட உப்புத் தண்ணீரைத் தேடி இந்த மாதிரி வாசல் பக்கம்தான் வரும். குஞ்சுகள் ஏரிக்குள் போய் வளரும். இத்தனை பெரிய மீனைப் பிடித்தால் போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பி விடுவதுதான் என் பழக்கம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

அப்புறம் வாக்குவாதம். "ப்ரோ, கடல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? எல்லாருக்கும் பொதுதானே?" என்று ஒருவர் கேட்டார்.

பொதுதான். யார் இல்லையென்றது? பொது என்பதால்தான் கேட்டுவிட்டு நிற்க வேண்டும். என் வீட்டு வாசல் என்றால் நான் விரட்டிவிட்டுப் போயிருப்பேன், பேச்சே இல்லை. ரேஷன் கடையும் பொதுதான், அதற்காக முன்னால் நிற்பவர் தோள் மேல் ஏறியா அரிசி வாங்குகிறோம்?

இவர்கள் நின்ற அதே ஏரியில் பல தலைமுறையாக 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. இறால் பிடிக்கும் சுத்துவலையை எந்த நாளில் எந்த இடத்தில் யார் போடுவது என்று கோட்டைக்குப்பம் போன்ற குப்பங்களின் தலைக்கட்டுகள், அதாவது குடும்பத் தலைவர்கள், சேர்ந்து முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்று சீட்டுப் போட்டு, சுற்றி வருகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. அதிலும் சண்டை வரும், யாருக்குப் பாடு உண்டு, யாருக்கு இல்லை என்று பஞ்சாயத்து நடக்கும். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த இறாலை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்கிற மனிதர்களே, தன் முறை இல்லாத நாளில் வலையைச் சுருட்டிவைத்துவிட்டுச் சும்மா உட்காருகிறார்கள். பொழுதுபோக்குக்கு வருகிற நமக்குப் பத்தடி தள்ளி நிற்க வலிக்கிறதா?

தெலுங்கில் மீன்பிடிப்பதற்கும் வேட்டைக்கும் ஒரே சொல்தான். சூலூர்பேட்டை பக்கத்திலிருந்து எங்களோடு வந்து தூண்டில் போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். "வேட்டைக்குப் போறவனுக்குப் பொறுமைதான் முதல் ஆயுதம்" என்பார். நெருக்கமாக இருந்தால் ஒன்றும் பேசாமல் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய், கிழங்கான் நாலு பிடித்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்புவார். அப்படிப்பட்டவர் இந்த முகத்துவாரத்துக்கு வருவதையே இந்த வருடம் நிறுத்திவிட்டார்.

அந்தக் கும்பல் 10 மணிக்குக் கிளம்பியது. அவர்கள் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தேன். பீர் பாட்டில், பிரியாணி டப்பா, இறால் பாக்கெட் எல்லாம் கிடந்தது, அது எங்கும் பார்ப்பதுதான். ஒரு கோணியில் சாண் நீளக் குட்டிக் கொடுவா ஏழெட்டை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்று பெரிதானால் கிலோக்கணக்கில் நிற்கும், இப்போது வறுத்தால் ஆளுக்கு இரண்டு வாய்கூட வராது. இதையெல்லாம்கூட விட்டுத்தள்ளுங்கள். என் வயிற்றைக் கலக்கியது தண்ணீரோரம் கிடந்த லைன். சிக்கல் விழுந்ததை எல்லாம் கத்தியால் நறுக்கி, முள்ளோடு அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மணலைக் கையால் கிளறிக் கிளறி எடுத்தேன். மூன்று கைப்பிடி லைன், 14 முள்.

இந்த ஏரியில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது. பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரல்தான் கண். அந்தச் சேற்றில் உங்கள் மூன்று முள் கொத்து கிடந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? முள்ளின் நுனியில் எதிர்க்கொக்கி இருக்கிறது. உள்ளே போனால் வெளியே இழுக்க வராது, சதையைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அந்தக் கையோடு மறுநாளும் அவர்கள் இறங்கியாக வேண்டும். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது, அவர்களுக்குத் திங்கட்கிழமை இருக்கிறது.

போன மாசி மாதம் ஆலா என்கிற கடற்பறவை ஒன்றைப் பார்த்தேன். கடலோரம் மணலில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தது. துண்டைப் போட்டுப் பிடித்தேன். கால் மூட்டில் நைலான் லைன் ஏழெட்டுச் சுற்று இறுகி, அதற்குக் கீழே கால் கறுத்துப்போயிருந்தது. இறக்கையிலும் ஒரு சுற்று. நகவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டினேன். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது. விட்டதும் பறந்தது. எத்தனை நாள் பிழைத்ததோ. பூநாரை பார்க்க எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிற ஏரி இது. பறவைச் சரணாலயம். இங்கே வந்து நைலான் கண்ணியைப் பரப்பிவிட்டுப் போவதற்கும் வேட்டையாடுவதற்கும் பறவைக்கு என்ன வித்தியாசம்?

இடத்தைப் படம் பிடித்து, மேப்பில் புள்ளி வைத்து, 'மான்ஸ்டர் ஸ்பாட்' என்று ரீல்ஸ் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். மீனைக் காட்டுங்கள், இடத்தைக் காட்டாதீர்கள். காட்டித்தான் தீர வேண்டுமென்றால், அங்கே எப்படி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 50 அடி இடத்துக்கு 50 பேரை அனுப்பிவிட்டு அடுத்த இடம் தேடிப் போய்விடுகிறீர்கள்.

யாரும் வரக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. நானும் அந்த ஊர்க்காரன் இல்லை, அவர்கள் இடம் கொடுப்பதால் நிற்கிறவன்தான். வாருங்கள். ஒன்பது பேராக வராமல் மூன்று பேராக வாருங்கள். இடம் நிரம்பியிருந்தால் காத்திருங்கள், இல்லை நடந்து வேறு இடம் பாருங்கள், கடற்கரை நீளமாகத்தான் கிடக்கிறது. பாட்டு வேண்டுமென்றால் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். அறுத்த லைனைப் பாக்கெட்டில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பக்கத்தில் ஒருவர் "மீன்!" என்று கத்தினால் போனை எடுக்காமல் லைனை எடுங்கள்.

கிளம்பும்போது பெரியவர் தன் வாளியிலிருந்த இரண்டு மடவையை எடுத்து என் பையில் போட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "அது நல்ல மீனுப்பா. பத்து கிலோ இருக்கும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அன்று காலை முழுக்க அவருக்குக் கிடைத்ததே ஐந்து மடவைதான்.

என்னுடைய லூர் நீல முதுகு, வெள்ளி வயிறு, ஒரு விரல் நீளம். வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு கொத்து முள். அந்த மீன் உதறிவிட்டு, அது எங்கேயாவது ஒதுங்கியிருந்தால், அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பார்த்தால், வெறுங்கையால் எடுக்காதீர்கள். எனக்குத் திருப்பித் தரவும் வேண்டாம். கட்டிங் பிளேயரால் ஆறு முள்ளையும் நறுக்கிவிட்டு, நறுக்கிய துண்டுகளை மணலில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப்போய்விடுங்கள்.