யார் உன்னை யூகிக்கச் சொன்னது?

00457 என்பது எண் இல்லை, குறியீடு. அதைக் கூட்டவும் போவதில்லை, கழிக்கவும் போவதில்லை. ஆனால் சிஎஸ்வி கோப்பை, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த வெறும் உரைக் கோப்பை, அட்டவணையாக மாற்றித் தருகிற மென்பொருளுக்கு இலக்கத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது, எண் என்று யூகித்துவிடும். முன்னால் நிற்கும் பூஜ்யங்களை வெட்டி எறிந்துவிட்டு 457 என்று நீட்டும். வெட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லுமா? சொல்லாது. எல்லாம் முடிந்து இன்னொரு அட்டவணையோடு இணைக்கும்போது பாதி வரிசைகள் பொருந்தாமல் முழிக்கும், அப்போதுதான் நமக்கே விஷயம் தெரியும்.

உடனே ஒருவர் வருவார்: "மேற்கோள் குறிக்குள் போடுங்கள், சரியாகிவிடும்." போட்டுப் பாருங்கள். எக்ஸெல் அந்தக் குறியையும் கழற்றிவிட்டு எண்ணாகத்தான் திறக்கும்.

சரி, பூஜ்யத்தையாவது திரும்ப ஒட்டிவிடலாம், எல்லாக் குறியீடும் ஒரே நீளமாக இருந்தால். நீளமான அடையாள எண்ணுக்கு என்ன செய்வது? எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 1234567890123456 உள்ளே போனால் 1234567890123450 ஆகிவிடும். சேமித்துவிட்டால் அந்த 6 போனது போனதுதான், எந்தச் சூத்திரமும் திருப்பித் தராது.

தேதி இன்னும் மோசம். கோப்பில் நாள் முதலில், மென்பொருளுக்கு மாதம் முதலில். 03/04/2024 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2024 வந்ததும் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே, அது உரையாகவே நின்றுவிடும். நாம் கண்ணில் படுகிற அந்த உரையைத் திருத்திவிட்டு நிம்மதியாக இருப்போம். தப்பான தேதிகளோ நல்ல பிள்ளை மாதிரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இந்த யூகத்துக்கு ஆதாரமாவது முழுக் கோப்பா? எக்ஸெலுக்குள் தரவை இறக்கித் தருகிற பவர் குவெரி வழக்கமாகப் பார்ப்பது முதல் 200 வரிசைகளை. அதுவரை வெறும் எண்ணாக இருந்து, பிறகு எங்கோ ஒரு 'ஏ-17' வந்தால் அந்தக் கட்டத்தில் பிழை. பைத்தான் மொழியில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸில் வேறு கூத்து: முழு எண் நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், 101 எல்லாம் 101.0 ஆகும். நமீபியாவின் நாட்டுக் குறியீடு 'என்ஏ'. அதை 'மதிப்பு இல்லை' என்று நினைத்து ஒரு நாட்டையே காணாமல் போக்கிவிடும்!

மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இந்தத் தொல்லைக்கு இறங்கி வந்தது. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுக்கள் எக்ஸெலில் தேதியாகிக்கொண்டே இருந்ததால், 2020இல் அவற்றின் பெயர்களை மாற்றினார்கள். தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி எக்ஸெலுக்கு 2023இல்தான் வந்தது. மரபணு முந்திக்கொண்டது!

இப்போதெல்லாம் நான் எந்தக் கோப்பையும் இரட்டைச் சொடுக்கில் திறப்பதில்லை. தரவு வகையைக் கண்டறியாதே என்று சொல்லி எல்லாவற்றையும் உரையாக இறக்குகிறேன், அப்புறம் எது எண், எது தேதி என்று ஒவ்வொரு நெடுவரிசைக்கும் நானே சொல்கிறேன். பாண்டாஸ் என்றால் எல்லாவற்றையும் உரையாகப் படிக்கச் சொன்னால் மட்டும் போதாது, 'என்ஏ'வை விழுங்கும் வழக்கத்தையும் தனியாக அணைக்க வேண்டும். இத்தனை வேலையும் எதற்கு? கோப்பில் இருந்ததை இருந்தபடியே பார்ப்பதற்கு!