மடிக்கணினிக்குத் தத்துக் கொடுத்த தகப்பன் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை மண்டபத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வட்ஸ்அப் சொல்லியிருக்கும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மகனைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி, வீட்டில் மடிக்கணினி வழியாகப் படிக்கவைக்கிறோம். கல்யாண விருந்து மேசையில் அதைப் பற்றித்தான் கேள்வி வந்தது.

"பிள்ளையை மடிக்கணினிக்குத் தத்துக் கொடுத்துவிட்டீர்களாமே?" நல்ல வசனம். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. (கொஞ்சம் அதற்காகவும்தான்.) ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். படிக்க மாட்டேன் என்பது வேறு, படிக்க முடியவில்லை என்பது வேறு. என் மகனுக்கு முடியவில்லை.

உங்களுக்கும் எனக்கும் 'கொ' என்ற எழுத்து ஒரு பொருட்டே அல்ல. அவனுக்கு அது புதிர். கொம்பு எழுத்தில் முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ 'க்'குப் பின்னால்தான் வருகிறது. "முதலில் இருப்பதை ஏன் முதலில் வாசிக்கக் கூடாது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, பிறகு ல, ள, ழ. போதாததற்கு ஆங்கிலமும் இரண்டாம் மொழியாகச் சிங்களமும். மூன்று மொழி, மூன்று வகை எழுத்து. வைத்தியர் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதில் வரும் இடர்பாடு, என்று சொன்ன பிறகுதான், நான்கு வருடமாக "கவனமில்லை" என்று நாங்கள் திட்டியது எதற்காக என்பது எங்களுக்கே விளங்கியது.

பாடசாலையைத் திட்டமாட்டேன். வகுப்பில் ஏறத்தாழ 40 பிள்ளைகள், ஓர் ஆசிரியை, தலைக்கு மேல் புலமைப்பரிசில் பரீட்சை. அவர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். உரத்து வாசிக்கும் முறை வந்ததும் மகன் தண்ணீர் குடிக்கப் போனானாம், பாடம் முடியும்வரை குழாயடியிலேயே நின்றானாம்.

அதைக் கேட்டதும் எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. கொட்டாஞ்சேனையில் என்னுடன் படித்த ஒருவன், வாசிப்புப் பாடம் வந்தாலே தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். 'தண்ணீர்ப் பானை' என்று பட்டப்பெயர் வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருவன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது மகன் வீட்டிலிருந்தே படிக்கிறான். திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆசிரியை, இவனோடு சேர்த்து நான்கு பிள்ளைகள். அவர் வாசிக்க, இவன் கேட்டு வாயால் பதில் சொல்கிறான். ஒரு சொல்லுக்கு மூன்று நிமிடம் எடுத்தாலும் அவர் காத்திருக்கிறார். இவ்வளவுதான் நடக்கிறது.

"இலவசக் கல்வியை உதறிவிட்டுப் போகிறாயா?" என்கிறார் ஒருவர். 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்துத்தான் நானும் இதை எழுதுகிறேன். ஆனால் பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் எந்தப் பிள்ளை ரியூஷனுக்குப் பணம் கட்டாமல் இருக்கிறது, சொல்லுங்கள். "சட்டம் தெரியுமா?" என்கிறார் இன்னொருவர். தெரியும் ஐயா. 5 வயது முதல் 14 வரை என்றிருந்த கட்டாயக் கல்வியை 2016இல் 16 வயது வரை ஆக்கினார்கள். பின்வரிசையில் ஒன்றும் விளங்காமல் இருந்தால் அது கல்வி, வீட்டில் விளங்கிப் படித்தால் குற்றம் போலும். "திரை கண்ணைக் கெடுக்கும்" என்பவர்களுக்கு: 2020இல் நோய்க்காகவும் 2022இல் எரிபொருள் இல்லாமலும் பாடசாலைகள் மூடியபோது உங்கள் பிள்ளைகளும் சூமில்தானே இருந்தார்கள்? அப்போது ஒருவரும் தத்துக் கொடுக்கவில்லையே.

"தோழர்கள் இல்லாமல் வளர்வானே" என்று ஒரு நண்பர் தனியாக எழுதியிருந்தார். அதற்குத்தான் என்னால் உடனே பதில் எழுத முடியவில்லை. பகல் ஒன்றே முக்காலுக்கு ஒழுங்கைக்குள் பாடசாலை வான் வரும். அந்த நேரத்துக்கு அவன் பல்கனியில் போய் நிற்பான். சிங்களம் கதைக்க அவனுக்கு இருப்பது கீழ்வீட்டு முச்சக்கரவண்டிக்காரர் மட்டும். அது போதாது என்று எனக்கும் தெரியும். அடுத்த வருடம் மறுபடி பாடசாலைக்கே அனுப்பினாலும் அனுப்புவோம். அப்போது "தோற்றுத் திரும்பினார்கள்" என்று சொல்ல இப்போதே ஆட்கள் தயாராக இருப்பார்கள் என்பதும் தெரியும்.

நான் எழுத வந்தது உண்மையில் வேறு. ஞாயிற்றுக்கிழமை நானும் அதே மேசையில்தான் இருந்தேன். கேள்வி என்னிடம் வரவில்லை, என் மனைவியிடம் போனது. என்னிடம் கடை வியாபாரம் எப்படி என்றார்கள். முடிவெடுத்தது இருவரும். அதிபரிடம் போய்க் கடிதம் கொடுத்தவன் நான். ஆனால் சோம்பேறி என்ற பெயர் அவளுக்கு, செல்லம் கொடுத்துக் கெடுத்தவள் என்ற பெயரும் அவளுக்கு. காலை ஐந்து மணிக்கு எழுந்து மகன் விரலால் தடவிப் படிக்க அட்டையில் மணலை ஒட்டி எழுத்துச் செய்கிறவளுக்கு. வீடு திரும்பும் வழியில், காலி வீதி நெரிசலில், அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் அங்கே வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதமும் ஒரு கல்யாணம் இருக்கிறது. வரமாட்டேன் என்கிறாள். எனவே மடிக்கணினி பற்றிய கேள்விகளை என்னிடம் கேளுங்கள். என் எண் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. இரவு எட்டுக்குப் பிறகு அழையுங்கள், அதுவரை கடையில் இருப்பேன்.