பென்குயின் துக்கமும் புரோலாக்டினும்

ஆவணப்படங்களில் விலங்குகளுக்கு மனித உணர்ச்சி ஏற்றுவது பார்வையாளரை ஈர்க்கும் உத்திதான், தீங்கில்லை என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. 2005இல் வந்த 'மார்ச் ஆஃப் தி பென்குவின்ஸ்' என்ற எம்பரர் பென்குயின் ஆவணப்படத்தையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு மூலத்தில் பறவைகளே 'நான்', 'நீ' என்று பேசும். ஆங்கிலத்தில் நடிகர் மார்கன் ஃப்ரீமனின் வர்ணனை அதைக் காதல் கதையாக்கியது. உண்மையில் அடுத்த ஆண்டும் அதே துணையுடன் சேர்பவை சுமார் 15 சதவீதமே. கூடு கிடையாது, அதனால் திரும்பச் சந்திக்க ஓர் இடமில்லை. அண்டார்க்டிக் குளிர்காலத்தில் தாமதமாக வருபவருக்காகக் காத்திருக்க உடல் கொழுப்பும் போதாது.

குஞ்சை இழந்த தாய் இன்னொன்றின் குஞ்சைப் பறிக்கும் காட்சியை 'தாங்க முடியாத துக்கம்' என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே செத்துவிடுகிறது. இவற்றுக்குப் புரோலாக்டின் ஹார்மோன் குஞ்சு இல்லாவிட்டாலும் உயர்ந்தே இருக்கும். இரை தேடி வாரக்கணக்கில் கடலில் கிடந்தாலும் குஞ்சை மறக்காமல் திரும்ப வைப்பது அதுதான். மருந்து கொடுத்து அதைக் குறைத்தபோது குஞ்சு கடத்தலும் குறைந்தது. கடத்திய குஞ்சைப் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ கைவிட்டுவிடும் என்பதை எந்த வர்ணனையாளரும் ஏனோ சொல்வதில்லை! பறவைக்கு வலியே இல்லை என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்று: எம்பரர்களை முகம் பார்த்து அடையாளம் காண்பது நமக்குக் கடினம். திரையில் 'அதே ஜோடி' என்று வருவது பல பறவைகளின் துண்டுக் காட்சிகளை ஒட்டியதாக இருக்கலாம். ஒலியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கதையில் பாதி பின்னணி இசையோடு போய்விடும்.